யூ.எஸ்.பி. வேலை செய்யலன்னா ‘மதர்போர்டு போச்சு’ என்பார்கள்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கவனிக்கவும்

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கல்லூரி மாணவி ஒருவரின் லேப்டாப்பில் வலப்பக்கத்து யூ.எஸ்.பி. போர்ட் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. அதே பக்கத்து ஹெட்போன் ஜாக்கிலும் சத்தம் இல்லை. புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார்கள். மூடியைக் கழற்றும் முன்பே பதில் வந்தது: "சிப் போயிருச்சும்மா, போர்டுலதான் வேலை." சிப் என்றது, மதர்போர்டில் யூ.எஸ்.பி. போர்ட்டுகளை இயக்கும் கன்ட்ரோலரை. ஏழாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள். பில் தரவில்லை. கழற்றியதாகச் சொன்ன பழைய சிப்பையும் காட்டவில்லை.

இரண்டு வாரத்தில் மறுபடி அதே கோளாறு. வேறு இடத்தில் திறந்து பார்த்தபோது சிப்பைச் சுற்றி, சால்டரிங் செய்யும்போது பூசும் ஃபிளக்ஸின் கறை இருந்தது. ஆனால் தயாரிப்பிலேயே நாலு மூலையிலும் வைத்த பசை அப்படியே இருந்தது. அதாவது சிப்பை யாரும் எடுக்கவே இல்லை, மேலே சூடு மட்டும் காட்டியிருக்கிறார்கள். உண்மையான கோளாறு சின்ன ரிப்பன் கேபிளில், அதாவது பட்டையான மெல்லிய கேபிளில். அதன் முனையில் பச்சைக் களிம்பு, முனையைப் பிடித்திருக்கும் லாக்கும் பாதி திறந்து கிடந்தது. துடைத்து அழுத்தியதும் இரண்டு போர்ட்டும் ஜாக்கும் உயிர் பெற்றன. முதல் கடையில் திறந்து மூடியபோது கேபிள் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்ததால்தான் அந்த இரண்டு வாரமும் ஓடியிருக்கிறது.

நிறைய மாடல்களில் ஒரு பக்கத்து யூ.எஸ்.பி., ஹெட்போன் ஜாக், கார்டு ஸ்லாட் எல்லாம் தனியாக ஒரு குட்டி போர்டில்தான் இருக்கும். மதர்போர்டிலிருந்து அதற்குப் போவது ஒரு ரிப்பன் கேபிள். ஒரு பக்கம் மொத்தமாகச் செத்து மறுபக்கம் நன்றாக இருந்தால், முதல் சந்தேகம் அந்தக் கேபிள்மேல்தான் விழ வேண்டும். தொழில் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. கடலோர உப்புக்காற்றில் இந்த முனைகள் களிம்பு பிடிப்பது நம் பக்கத்தில் சகஜம்.

"சிப் போச்சு" என்று சொன்னால் அங்கேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு. லேப்டாப் கேமராவும் புளூடூத்தும் பெரும்பாலான மாடல்களில் உள்ளே யூ.எஸ்.பி. வழியாகத்தான் இணைந்திருக்கின்றன. விண்டோஸில் லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் ‘டிவைசஸ் பை கனெக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூ.எஸ்.பி. ஹோஸ்ட் கன்ட்ரோலர், அதன்கீழ் ரூட் ஹப் (போர்ட்டுகள் பிரியும் இடம்), அதன்கீழ் கேமரா என்று வரிசையாகத் தெரிந்து, கேமராவில் படமும் வந்தால் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்கான லைன் மட்டும் சிப்புக்குள் கருகியிருக்க வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. அதற்காக எல்லா போர்ட்டும் சேர்ந்து போகாது.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியவை சில. டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பாருங்கள். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து பின்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஷார்ட் ஆகும். அதில் எதையும் சொருகிப் பார்க்காதீர்கள். அது சாக்கெட் மாற்றும் வேலை, போர்டு மாற்றும் வேலை இல்லை. நாக்கு நன்றாக இருந்தால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் செருகியிருப்பவற்றையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி வெளியே கழற்றக்கூடிய மாடல் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். மின்சுமை கூடியதால் பாதுகாப்புக்காக நின்றுபோன போர்ட் பல நேரம் இதிலேயே திரும்பிவிடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் சாதாரண ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள்.

அடுத்தது பூட் மெனு, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று கேட்கும் பட்டியல். பூட் ஆகக்கூடிய பென்டிரைவ் ஒன்றைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். பூட் மெனுவில் அதன் பெயர் தெரிந்தால் ஹார்டுவேர் சரி, கோளாறு விண்டோஸில். விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் யூ.எஸ்.பி.யை நிறுத்திவைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு, அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் ஹோஸ்ட் கன்ட்ரோலர்களை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் தானே திரும்ப ஏறிக்கொள்ளும். ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க அணைத்துக்கொள்ளலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இதற்குப் போய் ஃபார்மட் அடித்து, படம், பிராஜெக்ட் எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

கடையில் கொடுத்தால் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைக்கச் சொல்லுங்கள், கூடவே நில்லுங்கள். சாதாரண யூ.எஸ்.பி. சாக்கெட்டில் 1-வது பின் 5 வோல்ட், 4-வது கிரவுண்ட், நடுவில் இருக்கும் 2-ம் 3-ம் டேட்டா. 1-க்கும் 4-க்கும் நடுவே 4.75-இலிருந்து 5.25 வோல்ட்டுக்குள் வர வேண்டும். வோல்ட்டே இல்லை என்றால், போர்ட்டுக்கு மின்சாரம் விடும் சின்ன பவர் சுவிட்ச் ஐ.சி.யைப் பார்க்க வேண்டும். உள்ளே 5 வோல்ட் வந்து, ஆன் ஆகச் சொல்லும் எனேபிள் சிக்னலும் வந்து, அவுட்புட்டில் ஷார்ட்டும் இல்லாமல், வெளியே மட்டும் வோல்ட் இல்லையென்றால் அந்த ஐ.சி. போச்சு, அதை மட்டும் மாற்றினால் போதும். 5 வோல்ட் வந்தும் பென்டிரைவ் தெரியவில்லை என்றால் டேட்டா லைன். பவர் இல்லாத நிலையில் மல்டிமீட்டரின் டயோடு மோடில் இரண்டு டேட்டா லைனும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று பூஜ்யம் காட்டினால் பெரும்பாலும் பக்கத்திலிருக்கும், ஸ்டாட்டிக் மின்சாரத்திலிருந்து காக்கும் டயோடு ஷார்ட் ஆகியிருக்கும். நல்ல போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். இதெல்லாம் முடிந்தபிறகுதான் பெரிய சிப் பக்கம் போக வேண்டும். எடுத்த எடுப்பில், சிப்பைக் கழற்றச் சூடு காற்றடிக்கும் ஹாட் ஏர் கன்னைத் தூக்குபவரிடம் லேப்டாப்பை விடாதீர்கள். நன்றாக இருந்த சிப்பும் அந்தச் சூட்டில் போகும்.

ரிப்பனை நீங்களே பார்ப்பதாக இருந்தால், வாரண்டி முடிந்த லேப்டாப்பில் மட்டும் செய்யுங்கள். மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள், நீளமானதைத் தவறான ஓட்டையில் முறுக்கினால் போர்டையே துளைத்துவிடும். ரிப்பனை இழுக்கக் கூடாது, லாக்கை நகத்தால் தூக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முனையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நேராகச் செருகி லாக்கை மூடுங்கள். தண்ணீர், சானிடைசர் எதுவும் வேண்டாம். கேபிளே அரித்துப்போயிருந்தால் மாடல் நம்பர் சொல்லிப் புதிது வாங்கலாம். குட்டி போர்டும் தனியாகக் கிடைக்கும்.

கொடுக்கும்போது என்ன கோளாறு, எவ்வளவு ஆகும், கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் கடலூரில் குடியிருந்தால் கடலூரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாதவர்கள் பணம் அனுப்பிய ஜி-பே விவரத்தையும் கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.