முடியாட்சி விலகிய மூன்று தீவுகள்: குடியரசுத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது நல்லது?

2021 அக்டோபர் 20 அன்று கரீபியன் தீவு நாடான பார்படோஸில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி, சான்ட்ரா மேசனை நாட்டின் முதல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. நவம்பர் 30 அன்று பதவியேற்றார். அதுவரை எலிசபெத் அரசியின் பிரதிநிதியாக, கவர்னர் ஜெனரலாக இருந்தவரும் அவர்தான். இன்னொரு கரீபியன் நாடான டிரினிடாடில் 1976இல் எல்லிஸ் கிளார்க், மொரீஷியஸில் 1992இல் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த வீராசாமி ரிங்காடு என்று அங்கேயும் கவர்னர் ஜெனரலே முதல் குடியரசுத் தலைவரானார். அதனால் முதல் ஆளை விட்டுவிட்டு, தேர்ந்தெடுக்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றிலும் மக்கள் நேரடியாக வாக்களிப்பதில்லை. மொரீஷியஸில் பிரதமர் முன்மொழிவார், சட்டமன்றத்தில் பாதிக்கு மேல் ஆதரவு போதும். டிரினிடாடில் இரு அவை உறுப்பினர்களும் ரகசியமாக வாக்களிக்கிறார்கள், சாதாரணப் பெரும்பான்மைதான். 2023இல் கிறிஸ்டின் கங்காலு 48க்கு 22 என்று வென்றார். பார்படோஸில் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் கலந்து பேசி ஒருவரை நிறுத்தலாம். ஒத்துவராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

நான் பார்படோஸ் பக்கம். பெயருக்குத்தானே பதவி, எப்படி எடுத்தால் என்ன என்று விட முடியாது. டிரினிடாடில் 2001 தேர்தலில் 36 இடங்களும் இரு கட்சிகளுக்கு 18, 18 என்று பிரிந்தபோது, பதவியிலிருந்த பிரதமர் பாண்டேயை விட்டு எதிர்க்கட்சித் தலைவர் மானிங்கைப் பிரதமராக்கியது குடியரசுத் தலைவர் ராபின்சன்தான். அப்படிப்பட்ட நாளில் இரு தரப்பும் நம்பும் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

ஆனால் பார்படோஸ் முறையிலும் ஓட்டை உண்டு. 2018இலும் 2022இலும் ஒரே கட்சி 30 இடங்களையும் அள்ளியது, எதிர்க்கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. மேசனைக் கூட்டாக முன்மொழிந்த எதிர்க்கட்சித் தலைவரே ஆளுங்கட்சியாக வென்று, பிறகு விலகி வந்தவர். இன்னொன்று: குடியரசாவதைப் பற்றி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த 2005இல் சட்டமே போட்டார்கள், ஆனால் வாக்கெடுப்பு நடக்கவேயில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மொரீஷியஸ் முறை மூன்றிலும் பலவீனமானது. அப்படிக் குடியரசுத் தலைவராக வந்தவர்தான் காசம் உத்தீம். 2002இல் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவில் கையெழுத்திட மறுத்துப் பதவியை விட்டார். பொறுப்பேற்ற துணைத் தலைவர் அங்கிடி செட்டியாரும் மறுத்து விலகினார். அப்புறம் தற்காலிகப் பொறுப்புக்கு வந்த தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை கையெழுத்திட, மசோதா சட்டமானது. அந்த இருவர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் அவர்களால் விலகத்தான் முடிந்தது, தடுக்க முடியவில்லை.