டோட்டல் லாஸ் ஆன கார்: பணம் வந்ததும் விமானம் ஏறிவிடாதீர்கள்

வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் ஊரில் நிற்கும் கார், விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி டோட்டல் லாஸ் ஆகிவிட்டால், லீவு முடிவதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் இரண்டு: க்ளெய்ம் பணம் வாங்குவது, ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, நம் தலையிலிருந்து இறக்குவது. முதல் வேலையை யாரும் விடுவதில்லை. இரண்டாவதை விட்டுவிட்டுக் கிளம்பினால்தான் வம்பு.

ரிப்பேர் செலவு, பாலிசியில் வண்டியின் மதிப்பாகப் போட்டிருக்கும் ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். வண்டியைப் பிரித்துப் பார்த்த பிறகே சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) இதைச் சொல்வார் என்பதால், ஒர்க்‌ஷாப்காரர் பிரித்த கூலியும் நாள் கணக்கில் பார்க்கிங் வாடகையும் கேட்பார். இதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரும் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிட்டு, முடிவு வந்ததும் வண்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, உடைந்த வண்டிக்கு விலை வைப்பது. ஐ.டி.வி. 4,00,000 ரூபாய், பழைய வண்டி வாங்குபவர் கேட்டது 1,10,000 என்று வைத்துக்கொள்வோம். 1500 சி.சி. வரையுள்ள காருக்கான கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கம்பெனி தருவது 2,89,000. மீதி 1,10,000 வாங்குபவரிடமிருந்து வரவேண்டும். கடன் பாக்கி இருந்தால் கம்பெனிப் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும்.

இந்த 1,10,000 'ஆர்.சி.யோடு' கேட்ட விலையா, 'ஆர்.சி. இல்லாமல்' கேட்ட விலையா என்பதை அவசியம் பாருங்கள். ஆர்.சி. உயிரோடு இருந்தால் வண்டியைச் சரிசெய்து மறுபடி ஓட்டலாம், அதனால் விலை கூடும். ஆர்.சி. இல்லாவிட்டால் அது பார்ட்ஸ், இரும்பு விலைதான். ஆர்.சி.யை ரத்து செய்யப் போகிறவர், ஆர்.சி. இல்லாத விலையைக் கழித்துக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். வண்டி விலை குறையும்போது கம்பெனி தரும் பங்கு அந்த அளவுக்கு ஏறும். இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் நஷ்டம் நமக்கு.

வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாத வெற்று ஃபாரம் 29, ஃபாரம் 30-இல் (வண்டியைப் பெயர் மாற்றும் படிவங்கள்) கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது இந்தத் தொழிலில் சாதாரணம். தயவுசெய்து போடாதீர்கள். அந்த வண்டி சரியாகி, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடி யார் மீதாவது மோதினால், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. துபாயிலோ டொராண்டோவிலோ இருப்பவருக்கு நோட்டீஸ் பழைய ஊர் முகவரிக்குத்தான் போகும்.

மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, வண்டி இனி ஓடாது என்றால் 14 நாளுக்குள் வண்டி வழக்கமாக நிற்கும் பகுதியின் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன், கடனில் வாங்கிய வண்டி என்றால், பேங்க் என்.ஓ.சி.யோடு (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) ஃபாரம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் ஹைப்போதிகேஷனை (கடன் அடமானப் பதிவு) நீக்குங்கள். பாக்கி இ-சலானையும் கட்டிவிடுங்கள். ஃபாஸ்டாகை உரித்து, கணக்கை மூடுங்கள்.

ஐ.டி.வி. கைக்கு வந்ததும் பாலிசியில் நம் வண்டிச் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதி முடிந்தது, அதில் ரீஃபண்ட் எதிர்பார்க்க வேண்டாம். நம் வண்டியால் பிறருக்கு வரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் பகுதி வேறு. புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்தால், டோட்டல் லாஸைக் காட்டி அதை ரத்து செய்து மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்கலாம். தாங்களாக யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். க்ளெய்ம் கேட்காததற்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் இந்தக் க்ளெய்மோடு போய்விடும்; அடுத்த காருக்குப் பூஜ்யத்திலிருந்துதான் தொடக்கம்.

என்.ஆர்.ஐ. ஆனவர்கள் பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கில் (என்.ஆர்.ஐ.க்களின் இந்திய வருமானத்துக்கான பேங்க் கணக்கு) வாங்குங்கள். பாலிசி, பான், பேங்க் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் மாறினால்கூடப் பணம் திரும்பிப் போகலாம். லீவு போதாவிட்டால், ஊரில் இருக்கும்போதே அண்ணன் தம்பி யாருக்காவது இந்த ஒரு வண்டிக்கு மட்டும் பவர் (நமக்காகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாடு போய் எழுதினால் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.