சக்திமானுக்கு எந்த ஆல்டர்னேட்டர்? டைனமோ, லாரி ஆல்டர்னேட்டர், பஸ் ஆல்டர்னேட்டர்: மூன்றையும் மலை வேலைக்கு எடைபோட்டுப் பார்த்தது

குமுளிக்கும் வண்டிப்பெரியாறுக்கும் நடுவே எஸ்டேட்களில் சாய்ந்து விழும் சில்வர் ஓக் மரங்களை ரோட்டுக்கு இழுத்து வர எங்களிடம் இருப்பது ஒரு பழைய சக்திமான். ஜெர்மனியின் மேன் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் கட்டப்பட்டு, 1996-ல் தயாரிப்பு நின்றுபோன ராணுவ லாரி. இங்கே எல்லோருக்கும் அது ‘தடி லோரி’, அதாவது மரம் ஏற்றும் லாரி. கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் இன்னும் யானை மாதிரி நிற்கின்றன. மழைக்காலம் வந்தால் எங்களைக் கைவிடுவது கரண்ட்தான்.

போன ஆடியில் நடந்தது இது. சாயங்காலம் ஆறரை மணி, ஐந்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி. நாலு லைட் போட்டு, என்ஜினை ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் அமுக்காமல் ஓடும் குறைந்த வேகத்தில்) விட்டு, ஒன்றரை மணி நேரம் லோடு ஏற்றினோம். முடித்து, என்ஜினை நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட்டரை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணினோம். லோடு வண்டியை அந்த இருட்டில் அப்படி உருட்டுவது எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியும். என்ஜின் சுற்றச் சுற்ற லைட்டுக்கும் பேட்டரிக்கும் கரண்ட் கொடுப்பது டைனமோதான். மறுநாளே அதை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் தேவை எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 150 வாட். 48 வாட் எல்.இ.டி. ஒர்க் லைட் நாலு, 192 வாட். வைப்பர், பின் லைட், கேபின் லைட் எல்லாம் சேர்த்து இன்னொரு 150. மொத்தம் 500 வாட்டுக்குப் பக்கம். 24 வோல்ட் வண்டியில் சார்ஜ் வோல்டேஜ் 28-ஐ ஒட்டி இருக்கும். வகுத்தால் 18 ஆம்பியர். இறங்கிப்போன பேட்டரிக்கு 15 விட்டால் 33. எனக்கு வேண்டியது இவ்வளவுதான், ஆனால் ஐடிலை ஒட்டிய வேகத்திலேயே வேண்டும். ரோட்டில் ஓடும்போது எந்த டைனமோவும் சார்ஜ் கொடுத்துவிடும்.

வண்டியோடு வந்த டைனமோவைக் குறை சொல்லிக்கொண்டே இருக்க மனசு வரவில்லை. ஆர்மேச்சருக்கு ரீவைண்டிங் பண்ணி (உள்ளே சுற்றும் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றி), கார்பன் பிரஷ் மாற்றி, டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் ஸ்விட்சின் பாயின்ட்டை எமரி பேப்பரில் தேய்த்தால் மறுபடியும் ஓடும். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாததால் எந்த மூலையிலும் கையாலேயே சரிசெய்யலாம். ஆனால் ஐடிலில் அது கொடுப்பது ஒன்றுமே இல்லை. கட்-அவுட் திறந்துவிடும், அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும், லைட் முழுக்கப் பேட்டரியில்தான் எரியும். பகலில் மட்டும் ஓடும் வண்டி என்றால் ரீவைண்டிங்கோடு விட்டுவிடலாம். எங்கள் வேலைக்கு ஆகாது.

அடுத்ததாக என் கண்ணில் பட்டது ஏ.சி. பஸ்ஸிலிருந்து கழற்றிய 24 வோல்ட், 150 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், டைனமோ செய்யும் அதே வேலையைச் செய்யும் புதிய ரகம். ஒரு பழைய சாமான் கடையில் நல்ல விலைக்குக் கிடைத்தது. அந்த 150 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. கம்பத்தில் எங்கள் எலக்ட்ரீஷியன் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதைச் சுத்த உங்க பெல்ட்டால முடியுமா?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே விஷயம் முடிந்தது.

150 ஆம்பியரை 28 வோல்ட்டால் பெருக்கினால் 4,200 வாட். ஆல்டர்னேட்டரில் வெப்பமாகப் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் பெல்ட் இழுக்க வேண்டியது 7 கிலோவாட், அதாவது ஒன்பது குதிரைத்திறனுக்கு மேல். பஸ்ஸில் அதற்கு அகலமான பல பள்ளப் பெல்ட் இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒற்றை வி-பெல்ட். முழு லோடில், அதுவும் மழையில் நனைந்தால், வழுக்கும், கத்தும், பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்துத் தேய்ந்துபோகும். அதே பெல்ட்தான் எங்கள் வண்டியில் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு லோடோடு ஏறும்போது அது அறுந்தால் போவது சார்ஜ் மட்டும் இல்லை, என்ஜின் கூலிங்கும் சேர்ந்துதான். இழுத்துக் கட்டினாலோ பம்ப் பேரிங் போகும். கிராங்க் புல்லியை லேத்தில் புதிதாகக் கடைந்து, தனி பிராக்கெட் வைத்து, இரட்டைப் பெல்ட் போடுகிறவர்களுக்குப் பஸ் ஆல்டர்னேட்டர் சரி. வண்டியில் ஃபிரிட்ஜோ வெல்டிங் இன்வெர்ட்டரோ வைத்தால் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

மரத்தைக் கயிற்றில் சுற்றி இழுக்கும் எலக்ட்ரிக் வின்ச் இருந்தால் பெரிய ஆல்டர்னேட்டர் வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். பெரிய வின்ச் முழு இழுப்பில் 250 ஆம்பியர் கேட்டால், இந்த 150-ம் போதாது, நான் கடைசியில் போட்ட 80-ம் போதாது, பேட்டரிதான் கொடுக்கும். இரண்டு நிமிட இழுப்புக்கு எட்டேகால் ஆம்பியர்-மணி. உபரியாக 20 ஆம்பியர் இருந்தால் அரை மணியில் அது திரும்ப ஏறிவிடும். வின்ச்சுக்காகப் பணம் செலவழிப்பதானால் நல்ல பேட்டரி இரண்டு வாங்குங்கள்.

கடைசியில் நான் போட்டது சாதாரண லாரியில் வரும் 24 வோல்ட், 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. டயோடு பிளேட், பிரஷ், பேரிங் எல்லாம் நாமக்கல் பக்கம் எந்த லாரி ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். கிராங்க் புல்லி 180 மி.மீ., இதற்கு 65 மி.மீ. புல்லி. என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடினால் இது 1,660 சுற்று. என்ஜின் வேகத்தைக் கையால் கூட்டி நிறுத்தும் ஹேண்ட் த்ராட்டிலை 800-க்கு ஏற்றினால் 2,200. வயரில் ஓடும் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன்: 600-ல் 26 ஆம்பியர், 800-ல் 41. எனக்கு வேண்டிய 33 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. நான் என்ஜினை 2,400-க்கு மேல் விரட்டுவதில்லை, அதனால் மேல் வேகத்திலும் பயமில்லை. முழு லோடில் இதற்கும் ஐந்து குதிரைத்திறன் போகும். ஆனால் எங்கள் லோடு 33-லேயே நின்றுவிடுவதால் பெல்ட் சத்தமில்லாமல் இழுக்கிறது.

ஆல்டர்னேட்டர் மாற்றியும் லைட் மங்கல் என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் பழைய வயரையே விட்டுவைத்தவர்கள். நாலு மீட்டர், 6 சதுர மி.மீ. வயரில் 80 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.9 வோல்ட் போய்விடும். 25 சதுர மி.மீ. போட்டால் 0.2-தான். நான் 25 போட்டு, பேட்டரி பக்கத்தில் 100 ஆம்பியர் ஃபியூஸும் வைத்தேன். பழைய கட்-அவுட் பெட்டியைச் சர்க்யூட்டிலிருந்து முழுக்கக் கழற்றிவிட வேண்டும். சில ராணுவ வண்டிகளில் நெகடிவ் பாடியில் சேராமல் தனி வயரில் வரும். மல்டிமீட்டரில் பார்க்காமல் எர்த் கொடுக்காதீர்கள். சார்ஜ் லைட் பல்பை வெறும் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். ஆல்டர்னேட்டர் உயிர்பிடிக்க முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் ஐடிலில் சார்ஜ் தொடங்காமலே நிற்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றவே கூடாது, டயோடு போய்விடும்.

24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்தது. போன் சார்ஜருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் அதில் ஒரே பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் இங்கே நிறைய. ஒன்று குறைவாக ஏறும், மற்றது அதிகமாக ஏறிக் கொதிக்கும், இரண்டும் சீக்கிரம் சாகும். எந்த ஆல்டர்னேட்டரும் இதைத் தீர்க்காது. 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டுவிடுங்கள்.

இந்த ஆடியிலும் அதே இடத்தில், அதே நாலு லைட்டோடு லோடு ஏற்றினோம். த்ராட்டில் 800-ல். முடித்தபோது பேட்டரியில் 27.9 வோல்ட். டீ குடித்துவிட்டு வந்து அமுக்கினேன், முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்தது. ஸ்பேர் வி-பெல்ட் ஒன்று இப்போதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்குகிறது.