மரக்கப்பல் கிட் வாங்கப் போகும் மும்பை நண்பர்கள் கவனத்துக்கு

மரத்துண்டுகளை ஒட்டி நாமே மாடல் கப்பல் கட்டுவதற்கான வெளிநாட்டு மரக்கப்பல் கிட்களை வரவழைத்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் மும்பையில் வாட்ஸ்அப் வழியாக வியாபாரம் செய்கிறார். தமிழ் நன்றாகப் பேசுவார். மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கத்துத் தமிழர்கள்தான் அவரிடம் அதிகம் வாங்குகிறார்கள். 24,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எனக்குப் போலி கிட்டை அனுப்பிவிட்டார். அடுத்தவர் பணம் போடுவதற்கு முன் இது அவர் கண்ணில் பட வேண்டும்.

நான் கேட்டது பீகிள். 1831 முதல் 1836 வரை டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றி வந்த கப்பல். ஸ்பெயின் தயாரிப்பு, 1:60 ஸ்கேல், வெளிப்பலகை வால்நட் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். அப்புறம் சில வாரம் கழித்து, "சார், பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது. இன்னும் 4,500 அனுப்புங்க, நாளைக்கே எடுத்துடலாம்" என்றார். அவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்குத்தான் அனுப்பச் சொன்னார். வரி கட்டியதற்கான ரசீதை எத்தனை முறை கேட்டும் தரவில்லை.

பெட்டி வந்தது. படம் அசல் போலவே இருந்தது. ஆனால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, எம்ஆர்பி எதுவுமே இல்லை. இறக்குமதி செய்து இங்கே விற்கும் பெட்டியில் இவை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். உங்கள் கைக்குப் பெட்டி வந்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

உள்ளே இருந்ததைச் சொல்கிறேன். கப்பலுக்கு முதுகெலும்பு போன்ற நடு ஏராப் பலகையை மேசைக் கண்ணாடி மேல் வைத்தேன். ஒரு முனை எழும்பி நின்றது. மும்பை மழைக்கால ஈரத்தில் மட்டமான பிளைவுட் இப்படி முறுக்கிக்கொள்ளும். ஏரா கோணினால் அதில் செருகும் வங்குகள், அதாவது விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள், எல்லாம் கோணும், அதற்கு மேல் ஒட்டும் பலகை வரிசையும் கோணும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் நேராகாது.

வால்நட் என்று சொன்ன பலகைகளை வளைப்பதற்காகத் தண்ணீரில் ஊறப் போட்டேன். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறியது, பலகை வெளுத்துப்போனது. ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க வெள்ளை மரம், மேலே சாயம். அசல் வால்நட் உள்ளேயும் பழுப்பாகத்தான் இருக்கும்.

பிளான்தான் எல்லாவற்றையும்விட மோசம். அதிலிருந்து அளந்து வெட்ட வேண்டுமானால் அது மாடலின் அதே அளவில் இருக்க வேண்டும். பீகிளின் நீளம் சுமார் 90 அடி. 1:60 என்றால் மாடலில் அது ஒன்றரை அடி, அதாவது கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டர். ஏ3 தாளின் நீளமே 42 சென்டிமீட்டர்தான். எனக்கு வந்ததோ ஏ3 தாளில் எடுத்த ஜெராக்ஸ். முழுக் கப்பலும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரமும் சேர்த்து அதில் அடங்கியிருந்தது. சுருக்கி எடுத்திருக்கிறார்கள், ஆனால் மூலையில் 1:60 என்றே இருக்கிறது. இந்தத் தாளை நம்பிப் பாய்மரங்களை வெட்டினால் அத்தனையும் குட்டையாகிவிடும். கையில் ஒரு ஸ்கேல் இருந்தால் போதும், எந்த பிளானையும் இப்படிச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது பாய்மரத்தின் கயிறுகளைக் காட்டும் தாளும் இல்லை. 1820-ல் நீரில் இறங்கியபோது பீகிளுக்கு இரண்டே பாய்மரம். கடற்கரைகளை அளந்து வரைபடம் போடும் பயணங்களுக்கு அனுப்பத்தான் மூன்றாவதைச் சேர்த்தார்கள். அது இல்லாவிட்டால் டார்வின் ஏறிய கப்பல் ஆகாது.

அவரைக் கூப்பிட்டேன். "மரம்னா ஈரத்துல அப்படித்தான் சார் இருக்கும். நீங்க பெட்டியைப் பிரிச்சிட்டீங்களே, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்றார். சாயம் போன பலகையின் படத்தை அனுப்பினேன். அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

எனக்கு இதில் பணத்தைவிட வேறொரு ஆத்திரம் இருக்கிறது. இந்த ஊரில் கப்பல் கட்டும் வாடியா குடும்பம் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி என்ற கப்பல் 1817-ல் நீரில் இறங்கியது. இருநூறு வருஷம் தாண்டியும் அது இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, சாயம் பூசின மரத்தை வால்நட் என்று விற்க எப்படி மனம் வருகிறது? பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்த்துவைத்த காசில் முதல் கிட் வாங்குகிறார்கள். கோணல் ஏராவில் கட்டிப் பார்க்கும் பிள்ளை தனக்குக் கை வராது என்று நினைத்து விட்டுவிடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்தேன். அதன் பிறகு கஸ்டம்ஸ் என்று வாங்கிய 4,500 மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடத் தயாராகிறேன். இதற்குள் அதே ஆள் வேறு கடைப் பெயரில், வேறு எண்ணில் விக்டரி என்ற கப்பலின் கிட்டுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். படத்தில் அதே நீலக் கட்டம் போட்ட மேசை விரிப்பு, அதே "கடைசி ஒரு பெட்டிதான் சார்".

அவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் பெட்டியையும் பிளானையும் தூக்கிப் போட வேண்டாம். யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சேர விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.