வண்ணாரப்பேட்டை டீக்கடையும் என் தப்புக் கணக்கும்

2024 மே மாதம் ரியாத்தில் குத்துச்சண்டை வீரர்கள் ஃபியூரியும் உசிக்கும் மோதியதை, விடியற்காலையில் இந்தக் கடையில்தான் பார்த்தோம். டீ கொஞ்சம் தண்ணிதான், ஆனால் சுடச்சுட வரும் உளுந்த வடைக்காக மன்னிக்கலாம். ஆறடி ஒன்பது அங்குலக்காரனை ஆறடி மூணு அங்குல இடதுகைக்காரன் எப்படித் தொடுவான் என்று நான் ஃபியூரி மேல் ஒரு தட்டு வடை பந்தயம் கட்ட, கடைக்கார அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "நெட்டையன் பாதியிலயே மூச்சு வாங்குவான், மத்தவன் காலு ஒரு இடத்துல நிக்காது பாத்துக்கிடுங்க" என்றார். ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் தள்ளாட, நடுவர் எண்ண, சரியாக அப்போது பார்த்து டிவி சுற்ற ஆரம்பித்தது! இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றுங்கள் அண்ணாச்சி. புள்ளி போடும் மூன்று நடுவர்களில் இரண்டு பேர் உசிக்குக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். டிசம்பர் மறுபோட்டியில் மூன்று பேருமே உசிக்குக்கு 116-112 என்று புள்ளி கொடுத்தார்கள். அப்போதும் நான் ஃபியூரிதான் சொன்னேன், வடைக்காசு இன்னும் பாக்கி.