சுங்கை சிப்புட்டில் கிராணி ஐயா கடை: சம்பளப் பாக்கி கேட்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பசாருக்குப் பின்பக்கம் போய் "கிராணி ஐயா போட்டோஸ்டேட் கடை" என்று கேட்டால் போதும் (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்). போட்டோஸ்டேட் ஒரு பக்கம் இருபது காசு. லேபர் ஆபிஸுக்கு, அதாவது அரசாங்கத் தொழிலாளர் இலாகாவுக்கு, கொடுக்கும் புகார்க் கடிதம் மலாயில் டைப் செய்து தர பதினைந்து வெள்ளி (ரிங்கிட்). கேள்வி கேட்பதற்குக் காசு இல்லை.

"லேபர் ஆபிஸில் புகார் கொடுப்பதே இலவசம், இவருக்கு எதற்குப் பதினைந்து வெள்ளி?" என்று என் அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். மலாயில் எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடிதம் தேவையே இல்லை. நான் காசு கொடுத்தது கடிதத்துக்கு முன்னால் அவர் செய்த வேலைக்கு.

ஐயா பாமாயில் தோட்டத்தில் முப்பது வருஷம் செக்ரோல் (வேலையாட்களின் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதியவர். அதாவது நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்து சம்பளம் போட்டவர். எந்த வரியில் காசு காணாமல் போகும் என்பது அவருக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. நான் வேலை செய்தது ஒரு மொத்த விற்பனைக் கடையின் ஸ்டோரில், பெயர் வேண்டாம். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி, 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மணிக்கு எட்டு வெள்ளி. "எல்லாரும் ஒத்துக்கிட்டுத்தானே செய்யிறாங்க" என்பார் மேனேஜர்.

என் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஐயா கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். "நீயே தட்டும்மா. ஆயிரத்து எழுநூறை இருபத்தாறால வகு." 65.38 வந்தது. "எட்டால வகு." 8.17. "ஒன்றரையால பெருக்கு." 12.26. மாதத்துக்கு 26 நாள், நாளைக்கு 8 மணி, ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு என்பதுதான் சட்டத்தின் கணக்கு. ஒவ்வொரு ஓ.டி. மணிக்கும் நாலு வெள்ளிக்கு மேல் முதலாளி பையில் போயிருக்கிறது. ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்றேன். "1955ஆம் வருஷத்து வேலைச் சட்டம் குடுக்கிறதுக்குக் கீழ எழுதி வாங்கினா அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இல்லம்மா" என்றார். ஓ.டி. உரிமை மாதச் சம்பளம் 4,000 வெள்ளி வரை உள்ளவர்களுக்குத்தான் என்பதையும் கையோடு சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு வேலை செய்த காசு விஷயத்தில் அவர் என்னிடம் கொஞ்சம் கடுப்படித்தார். தீபாவளி என்றால் தானாகவே சம்பளத்தோடு லீவு என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். சட்டப்படி வருஷத்துக்குப் பதினோரு பொது விடுமுறை. அதில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தையும் முதலாளி மாற்ற முடியாது. மற்ற ஆறை அவர் தேர்ந்தெடுத்து, வருஷம் பிறப்பதற்கு முன்பே வேலை இடத்தில் ஒட்ட வேண்டும். "அந்த லிஸ்ட்ல தீபாவளி இருந்துச்சா? போட்டோ இருக்கா?" நல்ல வேளை, என் கூட வேலை செய்த பெண்ணின் போனில் இருந்தது. பட்டியலில் தீபாவளியும் இருந்தது. அப்படியென்றால் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும்.

அப்புறம் இபிஎப், அதாவது ஊழியர் சேமநிதி. என் சம்பளத்தில் மாதம் 187 வெள்ளி பிடித்தார்கள். முதலாளி 221 வெள்ளி சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஐயா என் போனில் ஐ-அக்கவுன் (இபிஎப் கணக்கை இணையத்தில் பார்க்கும் வசதி) திறக்கச் சொன்னார். சில மாதங்கள் வெறுமையாக இருந்தன. அதை லேபர் ஆபிஸ் கடிதத்தில் சேர்க்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். இபிஎப் பாக்கிக்கு இபிஎப் ஆபிஸ், சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சொக்சோ ஆபிஸ், சம்பளத்துக்கு லேபர் ஆபிஸ். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் அலைச்சல்தான் மிச்சம் என்பது அவர் கணக்கு. சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷிப்ட் மெசேஜ்களைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து, மாதம் மாதமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் சம்பளச் சீட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் பின் அடித்துக் கொடுத்தார். ஈப்போவில் அதிகாரி அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் அதிகம் கேட்கவில்லை. விசாரணைக்கு முன்பே முதலாளி தரப்பில் ஓ.டி. பாக்கியைக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். இபிஎப் இன்னும் தவணையில் வந்துகொண்டிருக்கிறது.

இனி குறைகள். கடையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு காற்றாடி, ஐயாவின் உரத்த குரல். உங்கள் சம்பளம் எவ்வளவு என்பது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த ஊரில் அதில் ஒருவர் உங்கள் மேனேஜரின் மாமியாராக இருக்கவும் வாய்ப்புண்டு. பாலியல் தொல்லை போன்ற விஷயத்தை அங்கே வாயே திறக்காதீர்கள். அதற்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது.

சுவரில் ஒட்டியிருக்கும் தாள் இன்னொரு பிரச்சினை. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதை அடித்துவிட்டுப் பேனாவில் 45 என்று திருத்தியிருக்கிறார். ஆனால் பிரசவ லீவு இன்னும் 60 நாள் என்றே தொங்குகிறது. 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள். சொன்னேன். "தெரியும்மா, பிரிண்டர்ல மை இல்ல" என்றார். போட்டோஸ்டேட் கடையில்!

வேலையை விட்டு நீக்கப்பட்டவர்களுக்கு அவர் கடிதம் எழுதுவதில்லை. நான் காத்திருந்தபோது ஒரு லாரி அட்டெண்டன்ட் தம்பி வந்தான். ஐயா கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தேதியில நிறுத்துனாங்க?" மறுபடி வேலை வேண்டும் என்று கேட்பதானால், நீக்கிய தேதியிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதிக்கும் அதே 60 நாள். தேதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "இன்னிக்கே போ" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். அந்த நேர்மைக்கே ஒரு நட்சத்திரம்.

தோட்டத்தில் இருந்தவரை அப்பாவுக்கு, 1954இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. சம்பளத் தகராறை அது பேசும். டவுனில் கடைகளிலும் ஸ்டோர்களிலும் வேலை செய்கிற எங்களுக்கு இந்த நாலு நாற்காலிதான் இருக்கிறது. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பிரசவ லீவுத் தாளை மாற்றினால் இன்னொரு அரை சேர்க்கலாம்.

போகும்போது ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ஐ-அக்கவுன் பாஸ்வேர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். பாஸ்வேர்ட் மறந்து வருகிறவர்களை ஐயா நன்றாகத் திட்டுகிறார். சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், பள்ளிப் பிள்ளைகளின் புரொஜெக்ட் பிரிண்டிங் கூட்டம் தாங்காது.