வீட்டில் செய்யும் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு: எந்த ஹீட் சிங்க்குக்குக் காசு கொடுக்கலாம்?

செடி வளர்ப்பதற்கான எல்.இ.டி. விளக்கை வீட்டிலேயே செய்பவர்கள் பலரும் ஒளி தரும் சிப்பையும் அதற்கு ஏற்ற மின்னோட்டம் தரும் டிரைவரையும் ஆராய்ந்து வாங்கிவிட்டு, சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகமான ஹீட் சிங்க் என்று வரும்போது கைக்குக் கிடைத்த தகட்டை ஒட்டி வேலையை முடித்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் எதிர்த்திசையில் போய், செம்புதான் உயர்ந்தது என்று கேள்விப்பட்டு அதற்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். குமரி மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் பொருட்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3 வாட் மணிகளை (தனித்தனியாக வரும் சிறிய எல்.இ.டி.கள்) வைத்துச் செய்யும் நீள விளக்குக்கு அலுமினிய ஜன்னல் அடிக்கும் கடையில் கிடைக்கும் ‘ப’ வடிவச் சேனலும், பல எல்.இ.டி.கள் ஒரே சிப்பாக வரும் சி.ஓ.பி. விளக்குக்கு ஆக்கர் (பழைய சாமான்) கடையில் கிடைக்கும் பழைய ஃப்ளட் லைட்டின் வெளிக்கூடும் போதுமானவை. கடற்கரை வீடாக இருந்தால் மட்டும் வேறு சிலவற்றையும் யோசிக்க வேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இந்த விளக்கு எதற்கு என்று கேட்கலாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் தென்னையும் ரப்பரும் சூழ்ந்த வீடுகளில் முற்றத்துக்கு வெயில் இறங்குவதே அபூர்வம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் என்பதால், தட்டில் போட்ட காந்தாரி மிளகாய், கத்தரி நாற்றுகள் வாரக்கணக்கில் மேகமூட்டத்தில் நின்று வெளிறி, நூலாக நீண்டுவிடும். அந்த நாட்களில் நாற்றைக் குட்டையாகவும் திடமாகவும் வைத்துக்கொள்ள இந்த விளக்கு உதவுகிறது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது வெப்பக் கடத்துதிறனைத்தான். வாட், மீட்டர், கெல்வின் அளவில் செம்புக்கு ஏறத்தாழ 390, ஜன்னல் செக்‌ஷன்கள் செய்யப்படும் 6063 வகை அலுமினியத்துக்கு ஏறத்தாழ 200, வார்ப்பு அலுமினியத்துக்கு 100க்குச் சற்றுக் குறைவு, சாதாரண இரும்புத் தகட்டுக்கு 50, எவர்சில்வருக்கு வெறும் 16. இந்த வரிசையைப் பார்த்ததும் செம்பு இரண்டு மடங்கு நன்றாக வேலை செய்யும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 30 வாட் வெப்பம் 4 செ.மீ. சதுரமான அடிப்பரப்பில் 5 மி.மீ. தடிமனைக் கடந்து போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அலுமினியத்தில் இரு பக்கங்களுக்கும் இடையே உண்டாகும் வெப்பநிலை வேறுபாடு அரை டிகிரி கூட இல்லை. செம்பில் அது கால் டிகிரி. பக்கவாட்டில் வெப்பம் பரவுவதில் செம்பு இன்னும் சற்று முன்னே நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் எடையில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேலான ஓர் உலோகத்தை, விலையையும் பொருட்படுத்தாமல், செடிக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுவதற்கு அந்த ஆதாயம் ஈடாகாது.

இதே கணக்கை சிப்புக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குப் போட்டால் படம் தலைகீழாகிறது. அந்த இடத்தில் தாள் கனத்துக்கு, அதாவது 0.1 மி.மீ. அளவுக்கு, காற்று நின்றுவிட்டால் அது மட்டுமே 70 டிகிரிக்கு மேல் தடையாகிறது. அதே இடைவெளியை மிகச் சாதாரணமான தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) நிரப்பினால் தடை 2 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. எனவே செம்புக்கு வைத்திருக்கும் பணத்தை, சிப் உட்காரும் இடத்தை எமரித் தாளால் சமமாகத் தேய்ப்பதற்கும், நல்ல பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசுவதற்கும், நான்கு மூலையிலும் ஸ்க்ரூவை ஒரே இறுக்கத்தில் முடுக்குவதற்கும் செலவிடுவது மேல். பேஸ்ட்டை வெண்ணெய் போல அப்பி வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தேய்த்த உலோகத்தின் கீறல்கள் மறையும் அளவுக்குப் பூசினால் போதும்.

இனி ஒவ்வொன்றாக.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் அலுமினிய ஜன்னல், கதவு அடிக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. முழு நீளம் வாங்கத் தேவையில்லை; வெட்டி மிச்சமான துண்டுகளை எடைக்குக் கொடுப்பார்கள், கேட்ட அளவுக்கு அறுத்தும் தருவார்கள். 50 மி.மீ. அகலமும் இரு பக்கமும் 25 மி.மீ. உயரமும் உள்ள ஒரு மீட்டர் சேனலில் உள்ளும் புறமுமாகச் சேர்த்து 2,000 ச.செ.மீ. பரப்பு இருக்கிறது. விசிறி இல்லாமல் குளிர வேண்டிய விளக்குக்கு, வெளியேற வேண்டிய வெப்பத்தில் ஒரு வாட்டுக்கு 100 ச.செ.மீ. என்பது நான் பின்பற்றும் அளவு. அப்படி வைத்தால் உலோகம் அறை வெப்பநிலையை விட ஏறத்தாழ 20 டிகிரி மட்டும் கூடுதலாக இருக்கும். 700 மில்லி ஆம்பியரில் ஓடும் ஒரு வெள்ளை மணி உண்மையில் எடுப்பது 2 வாட்டுக்குச் சற்று அதிகம்தான், பெயரில் உள்ள 3 வாட் அல்ல. ஆகவே பத்து மணிகளை இந்தச் சேனலில் தாராளமாகப் பொருத்தலாம். குறை என்னவென்றால் ஜன்னல் செக்‌ஷனின் கனம் பெரும்பாலும் ஒன்றரை மி.மீட்டருக்குள்தான் இருக்கிறது, மணிகளை ஒரே இடத்தில் நெருக்கினால் வெப்பம் ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே தேங்கும். சமமாகப் பரப்பி வைத்தால் இந்தக் குறை தெரிவதில்லை. பவுடர் கோட்டிங் போட்ட துண்டாக இருந்தால் மணி உட்காரும் வட்டத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட்டு, மற்ற இடங்களில் அப்படியே விட்டுவிட வேண்டும். பளபளப்பான வெறும் அலுமினியம் வெப்பத்தைக் கதிர்வீசுவதில் மிகவும் பின்தங்கியது. பூச்சு உள்ளது, வெள்ளையோ கறுப்போ எந்த நிறமானாலும், அதைவிடப் பல மடங்கு நன்றாக வீசும்.

இணையத்தில் விற்கப்படும் ஃபின் (வரிசையாக நிற்கும் மெல்லிய தகடு) வைத்த ஹீட் சிங்க்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மனக்குறை அதிகம் அதில்தான். 50 வாட் சி.ஓ.பி.க்கு உரியது என்று விளம்பரப்படுத்தி ஒரு விற்பனையாளர் அனுப்பிய துண்டு 10 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் 25 மி.மீ. உயரமான பத்து ஃபின்களும் கொண்டது. பொருளில் குற்றமில்லை: அடித்தகடு கனமானது, அனோடைஸிங் (அலுமினியத்தின் மேல் ஏற்றும் ஆக்சைடு காப்பு) சீரானது, ஃபின்களுக்கிடையே விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளியும் உண்டு. ஆனால் மொத்தப் பரப்பை அளந்தால் 1,050 ச.செ.மீ. மட்டுமே. 50 வாட் சிப்பிலிருந்து வெளியேறும் வெப்பம் 30 வாட்டுக்குக் குறையாது. அந்த வெப்பத்தை இந்தப் பரப்பு காற்றோட்டம் இல்லாமல் விட வேண்டுமானால், 32 டிகிரி அறையில் உலோகமே 90 டிகிரியை நெருங்கும் என்று கணக்குச் சொல்கிறது. சிப்பின் உள்ளே அதற்கும் மேல். அந்தச் சூட்டில் எல்.இ.டி. உடனே சாகாது, ஆனால் ஒளி குறைந்து, ஆயுளும் சுருங்கும். விசிறி வைத்தால் இதே துண்டு 50 வாட்டைத் தாங்கும் என்பதை விளம்பரத்தில் எங்கும் எழுதவில்லை. விசிறி இல்லாமல் இந்தத் துண்டுக்கு 10 வாட் வெப்பம்தான் எல்லை, அதாவது 15, 16 வாட் மின்சாரத்தில் சிப்பை ஓட்டலாம். அந்த வரம்புக்குள் வைத்தால் நல்ல பொருள் என்றே சொல்வேன். வாங்குபவர்கள் விளம்பரத்திலுள்ள வாட்டைப் பார்க்காமல், ஃபின்களின் எண்ணிக்கையையும் உயரத்தையும் நீளத்தையும் பெருக்கி, இரு பக்கத்துக்குமாக அதை இரட்டித்து, அடித்தகட்டின் இரு பக்கப் பரப்பையும் கூட்டி மொத்தப் பரப்பைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக்கர் கடைகளில் கிடைக்கும் பழைய ஃப்ளட் லைட், தெருவிளக்குக் கூடுகள் வார்ப்பு அலுமினியத்தில் செய்தவை. கடத்துதிறனில் ஜன்னல் செக்‌ஷனில் பாதிதான் இருந்தாலும் சுவர் கனமாக இருப்பதால் அது ஒரு பொருட்டே அல்ல. பின்புறம் அகன்ற இடைவெளியுடன் ஃபின்கள், தொங்கவிட வளைவுப் பட்டை, சிப்புக்கு ஏற்கெனவே சமன் செய்த தளம் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. இந்த விலைக்கு இதை மிஞ்சும் ஹீட் சிங்க் நான் கண்டதில்லை. அதே கடையில் கிடைக்கும் கணினி ப்ராசஸர் கூலரை நம்ப வேண்டாம். அதன் ஃபின்கள் 2 மி.மீ. இடைவெளியில் நெருக்கமாக இருப்பவை. விசிறி சுழன்றால் மட்டுமே காற்று உள்ளே புகும். மின்சாரம் வந்து போகும்போதோ, எறும்பு கூடு வைத்தோ, சகிரி (தேங்காய் நார்) தூசி அடைத்தோ விசிறி நின்றுவிட்டால் சிப் தனியாக எரிந்துகொண்டிருக்கும். விசிறிதான் வேண்டும் என்பவர்கள் 60 அல்லது 70 டிகிரியில் இணைப்பைத் துண்டிக்கும் சிறிய தெர்மல் கட்-ஆஃப் ஒன்றை ஹீட் சிங்க்கில் ஒட்டி டிரைவருடன் தொடராக இணைத்துவிட வேண்டும்.

இரும்புத் தகடும் எவர்சில்வர் தட்டும் இந்த வேலைக்கு ஆகாதவை; எவர்சில்வரில் சிப்புக்குப் பின்னால் தொட முடியாத சூடு இருக்கும்போதே ஒரு சாண் தள்ளி ஓரம் குளிர்ந்து கிடக்கும்.

கடற்கரைக்கு வருகிறேன். தக்கலையில் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும் அதே அலுமினியம், குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்த வீட்டில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதற்குள் வெள்ளைப் பொடி பூத்துவிடுகிறது. அந்தப் பொடியை நகத்தால் சுரண்டினால் அடியில் ஊசி குத்தியது போன்ற குழிகள் தெரியும். அதிகமாகப் பாதிக்கப்படுவது ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே. உப்புக் காற்றின் ஈரத்தில் அலுமினியத்தோடு இரும்போ எவர்சில்வரோ தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும், தொட்டுக்கொண்டிருப்பது செம்பானால் இன்னும் வேகமாக. சிப்புக்கு அடியில் மட்டும் ஒரு செம்புத் துண்டு வைத்து அலுமினியத்தில் இறுக்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நாகர்கோவிலுக்கு வடக்கே உள்ளடங்கிய ஊர்களில் அது பரவாயில்லை, கடலோரத்தில் வேண்டவே வேண்டாம். அனோடைஸ் செய்த துண்டு, எவர்சில்வர் ஸ்க்ரூ, அதன் தலைக்குக் கீழே நைலான் வாஷர், இணைப்பு ஓரத்தில் சிறிது சிலிக்கான் பசை என்பதே அங்கே தாங்கும் ஏற்பாடு. மணி உட்காரும் வட்டத்தைச் சுரண்டும்போதும் மணியின் அளவுக்கு மேல் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தொங்கவிடும் விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபின்களுக்கிடையே சூடான காற்று மேலே ஏறிப்போக வழி இருக்க வேண்டும். சேனலின் திறந்த பக்கத்தைக் கீழே பார்த்துக் கவிழ்த்து வைத்தால் சூடான காற்று உள்ளேயே சிறைப்படும். திறந்த பக்கம் மேலே, மணிகள் வெளிப்புற அடியில் என்பதே சரி. அலமாரித் தட்டின் அடியில் ஒட்ட வைக்காமல் நான்கு விரல் இடைவெளியாவது விட வேண்டும்.

டிரைவர் இல்லாமல் நேராக 230 வோல்ட்டில் இணைக்கும் சி.ஓ.பி. சிப்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் மின்சாரத்துக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே இருப்பது மெல்லிய காப்புப் படலம் ஒன்றுதான். தண்ணீர் தெளிக்கும் கை படும் இடத்தில் தொங்கும் உலோகத்துக்கு அதை நம்பக் கூடாது. 230 வோல்ட் பக்கத்தையும் சிப் பக்கத்தையும் மின்வழியில் பிரித்துவைக்கும், தனிமைப்படுத்திய (ஐசொலேட்டட்) டிரைவரையே வாங்கி, ஹீட் சிங்க்கின் ஒரு மூலையில் துளையிட்டு எர்த் வயரைத் தனி ஸ்க்ரூவில் இறுக்கி, டிரைவரை அந்தச் சூட்டில் ஒட்டாமல் ஓர் அடி தள்ளிச் சுவரில் பொருத்திக்கொள்ளுங்கள்.